வலது பின்பக்கச் சட்டம்

தெமெத்ரியா கல்சீனாவை எங்கள் தெருவில் யாருக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததை மட்டும் கேட்கிறவர்கள் அவரை ஒரு பாவப்பட்ட பெண் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஒரு குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. வாளியோடு வந்து நின்றவளிடம், "போன வருஷம் எங்க வீட்டுக் குழாய் வெடிச்சப்ப நீ கதவத் தொறந்தியா?" என்று கேட்டுவிட்டு, முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்.

அவர் வீட்டுக்கு எதிரேதான் என் வெல்டிங் பட்டறை. என் பெயர் அப்தோன் கோபா. அவரைவிட ஆறு வயது சின்னவன், அதனால் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டாலும் அதில் பாசம் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

பதினெட்டு வருடம் அவர், ஊருக்கு வெளியே கடல் மாதிரி விரிந்து கிடக்கும் உப்புவெளிக்குப் போய்வந்தவர். எங்கள் ஊர் உயூனியிலிருந்து கிளம்பும் சுற்றுலா ஜீப்புகளில் ஓட்டுநர் ஒருவர், சமையல்காரி ஒருத்தி, பின்னால் வெளிநாட்டுக்காரர்கள் ஆறு பேர் என்பதுதான் அப்போதெல்லாம் வழக்கம். ஓட்டுநர் அவர் புருஷன் ருஃபீனோ, சமையல் அக்கா. வண்டி எழுபத்தெட்டாம் வருடத்து நாலு சக்கர இழுவை ஜீப், கருநீல நிறம். ருஃபீனோ அதை மூன்றாம் கையாக வாங்கினான். வாங்கிய பணத்தில் பாதிக்கு மேல் அக்கா சமைத்துச் சம்பாதித்தது. ஆனால் பத்திரம் எழுதியது அவன் பெயரில். கல்யாணம் ஆனவர்கள், யார் பெயரில் இருந்தால் என்ன என்று அப்போது அக்காவே சொன்னாராம்.

ஒவ்வொரு பயணம் முடிந்து வந்ததும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவது அக்காதான். எங்கள் ஊரில் உப்பு இரும்பைத் தின்கிற வேகம் வேறு ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். மூன்று நாள் ஓட்டிவிட்டு ஒரு வாரம் கழுவாமல் விட்டால், அடுத்த வருடம் கதவைச் சாத்தும்போது கீழ்விளிம்பு கையோடு வரும். ருஃபீனோ வந்ததும் வராததுமாக பியருக்குப் போய்விடுவான். அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூன்று நாள் அழுக்கோடு, வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துக் கழுவுவார்.

பிறகு சுல்மா வந்தாள். பத்தொன்பது வயதில் அக்காவுக்கு உதவியாக வந்தவள். அவளை அக்கா நடத்திய விதத்தை நான் மறைக்கப் போவதில்லை. விடியற்காலையில் பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் வெறும் கையால் பாத்திரம் கழுவ வைப்பார். ஒருமுறை அவள் வைத்த, கீன்வா தானியத்தில் செய்த சூப்பை வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க மணலில் கொட்டிவிட்டு, "பன்னிக்குக் கூட இதவிட ருசி தெரியும்" என்றார். அவர்களுக்கு மொழி புரியவில்லை, ஆனால் விஷயம் புரிந்தது. அவர்களில் ஒருத்தி சுல்மாவின் தோளில் கை வைத்தாளாம். சுல்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாளாம். ஏழு வருடம் இப்படிப் போயிற்று. கடைசியில் அவள் ருஃபீனோவை எடுத்துக்கொண்டாள். பழிவாங்கத்தான் எடுத்தாளோ, பிடித்துத்தான் எடுத்தாளோ, எனக்குத் தெரியாது.

அந்த வருடத்து மழைக்காலத்தில் உப்புவெளி மேல் ஒரு சாண் தண்ணீர் நின்றது. ஓரத்தில் உப்பு மேலோடு இளகியிருக்கும், சுற்றிப் போ என்று அக்கா சொல்லச் சொல்ல, ருஃபீனோ நேரே விட்டான். வண்டி தரைப்பலகை வரைக்கும் உள்ளே இறங்கியது. பயணிகளை வேறு ஜீப்பில் ஏற்றி அனுப்பினார்கள். டிராக்டர் கொண்டுவருகிறேன் என்று போன ருஃபீனோ ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தான். அந்த ஒன்பது நாளும் அவன் சுல்மாவோடு இருந்தது பிற்பாடு தெரிந்தது.

உப்புத் தண்ணீரில் ஒன்பது நாள் ஊறிய வண்டியைக் கட்டி இழுத்துவந்து வீட்டு முற்றத்தில் விட்டான். தன் துணிமணியை மூட்டை கட்டினான். நாங்கள் நாலைந்து பேர் தெருவில் நின்றிருந்தோம். அவன் எங்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான்: "நீயும் அதுவும் ஜோடியா இருங்க. ரெண்டும் ஒரே மாதிரி துருப்புடிச்சுப் போச்சு."

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. ஒரே மகள் எல்லைக்கு அந்தப்பக்கம் காலாமாவில் ஓட்டல் வேலை செய்தாள். "அந்தத் தகரத்த எடைக்குப் போட்டுட்டு இங்க வந்துடும்மா" என்று போனில் சொல்வாள். அக்கா போகவில்லை. ரயிலடிக்குப் பக்கத்தில் காலையில் ஊதாச் சோளத்தில் சுடச்சுட ஆப்பி காய்ச்சி, பொரித்த பணியாரத்தோடு விற்க ஆரம்பித்தார். எந்தச் சுற்றுலாக் கம்பெனியும் ஓட்டுநர் இல்லாத சமையல்காரியை எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு வருடம் வண்டி அப்படியே கிடந்தது. ஒருநாள் மதியம் தெருவைத் தாண்டி என் பட்டறைக்கு வந்து, "தம்பி, சுத்தியல் ஒண்ணு குடு" என்றார்.

"எதுக்குக்கா?"

"தட்டிப் பாக்கணும். எது செத்துது, எது இருக்குன்னு."

இரும்பு நன்றாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்து உளுத்திருந்தால் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி சத்தம் வரும். அன்று மாலைவரை அவர் வண்டியைச் சுற்றிச்சுற்றித் தட்டினார். உளுத்த இடங்களில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். நான் போய்ப் பார்த்தபோது வண்டி முழுக்க வெள்ளைப் பெருக்கல் குறி.

"இதுல நல்ல எடம் எதுக்கா?"

"குறி போடாத எடம்."

"அப்ப கண்ணாடி மட்டுந்தான்."

"வாய மூடிக்கிட்டு அந்த போல்ட்ட கழட்டு. எனக்குப் பலம் பத்தல."

இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வருடத்துக்கும் மேல் நடந்தது. காலையில் ஆப்பிக் கடை, பத்து மணிக்கு மேல் வண்டி. இறுகிப்போன போல்ட்டுகளுக்கு டீசலும் பிரேக் எண்ணெயும் கலந்து ஊற்றி, மூன்று நாள் ஊறவிட்டு, அடுப்புக்கரியால் சூடு காட்டித் திருகுவார். பாதி போல்ட்டுகள் தலை தனியாக வந்தன. ஒவ்வொரு தலை உடையும்போதும் ருஃபீனோவின் அம்மாவைத் திட்டுவார். அந்த அம்மா செத்து இருபது வருடம் ஆகிறது.

சின்னச் சாமான்களைத் துரு எடுக்க, மாட்டுத் தீவனக் கடையில் கரும்பாலைக் கழிவுப்பாகு வாங்கிவந்தார். ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அதில் கீல், பிடி, பிரேக் தட்டு எல்லாவற்றையும் மூன்று வாரம் முக்கி வைத்தால் துரு மட்டும் கரைந்துபோகும், நல்ல இரும்பு நிற்கும். ஆனால் எங்கள் ஊர்க் குளிரில் பீப்பாயே உறைந்துவிடும். அதனால் அதைச் சமையலறைக்குள் உருட்டிவந்து, லாமா மிருகத்தின் தோலைச் சுற்றிக் கட்டி, அடுப்புப் பக்கத்தில் வைத்தார். பாகு புளித்து நுரைத்து எழுப்பிய நாற்றம் தெருமுனைவரை வந்தது. பக்கத்து வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன தெமெத்ரியா, புருஷனுக்குப் பதிலா சாராயம் காய்ச்சி வச்சிருக்கியா?" என்று கேட்டாள். "ஆமா, உன் புருஷன்தான் வந்து ருசி பாத்துட்டுப் போறான்" என்றார் அக்கா. அந்தப் பெண் ஒரு மாதம் பேசவில்லை.

பெரிய தகடுகளுக்கு வேறு வழி. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜர், ஓரத்தில் நிற்கப் பழைய கட்டுக்கம்பிகள். கறுப்பு ஒயரைச் சாமானில் மாட்ட வேண்டும், சிவப்பைக் கம்பியில். மின்சாரம் போனால் துரு நுரைநுரையாகக் கழன்று மிதக்கும். முதல் தடவை ஒரு கதவுக்கீலை வைத்துப் பார்த்தபோது அக்கா ஒயரை மாற்றி மாட்டிவிட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் கம்பிகள் பளபளவென்று இருந்தன, நன்றாக இருந்த கீல் பாதி கரைந்துபோயிருந்தது. அதே மாதிரி கீல் கிடைக்க ஒரூரோ நகரத்துப் பழைய சாமான் கடைகளில் இரண்டு நாள் அலைந்தார். வந்து, "எல்லாம் தலைகீழா மாட்டித்தான் என் பொழப்பே போச்சு" என்றார். அவர் தன்னைப்பற்றி நொந்து சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

உளுத்த தகட்டை நல்ல இரும்பு தெரிகிறவரை வெட்டி எடுப்பார். நான் புதுத்தகடு வைத்துப் பற்றவைப்பேன். அதற்குக் கூலியாக என் மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில். சமையலில் குறை சொல்ல முடியாது. அவருடைய உப்புக்கண்டச் சூப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பசிக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து அவர் விரல்நுனிகளில் ரேகையே போய்விட்டது. தேய்த்த இரும்பைப் பத்து நிமிடம் சும்மா விடமாட்டார், உடனே துடைத்து ரெட் ஆக்ஸைடு பூசிவிடுவார். ஆப்பி விற்கிற இடத்திலும் அவர் நகக்கண்ணெல்லாம் செம்மண் நிறத்தில் இருக்கும். ஏப்ரன் பையில் எப்போதும் ஒரு ஸ்குரூடிரைவர். எந்த இரும்பைப் பார்த்தாலும் அதால் குத்திப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ஒருநாள் என் பட்டறைக் கதவையே குத்தி ஓட்டை போட்டுவிட்டு, "உன் கதவு செத்துடுச்சு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்ஜின் ஓடிய நாளில் அவர் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. பானெட்டின் மேல் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "இனி ஓட்டக் கத்துக்கணும்" என்றார். எங்கள் ஊரில் அப்போது எந்தப் பெண்ணும் பாரவண்டி ஓட்டியதில்லை. கிராமங்களிலிருந்து கீன்வா மூட்டை ஏற்றிவருவதுதான் அவர் திட்டம். பழைய ரயில் பெட்டிகள் துருப்பிடித்து நிற்கும் பொட்டலில் நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஒரு வாரத்தில் என்னைவிட நன்றாக ஓட்டினார்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. சேஸிஸின் வலது பின்பக்கச் சட்டம், பின்சக்கரத்தின் பட்டை ஸ்பிரிங் வந்து தொங்குகிற இடம். மொத்த வண்டியின் பின்பாரமும் அங்கேதான் இறங்கும். பெட்டி மாதிரி மூடிய சட்டம் அது. உப்பு உள்ளே புகுந்து உள்ளிருந்தே தின்றிருந்தது. வெளியே முழுசாகத் தெரியும், ஸ்குரூடிரைவரால் குத்தினால் ரஸ்க் மாதிரிப் பொடிப்பொடியாக உதிரும். அதற்கு நாலு மில்லி கனத்தில் தகடு வேண்டும். ஒரூரோவில் சொல்லி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துச் சாலை மறியல், லாரி எதுவும் வரவில்லை. கார்னிவல் பண்டிகையோ நெருங்கிவிட்டது.

கார்னிவல் செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கத்தில் வீடு, கடை, வண்டி எல்லாவற்றுக்கும் காகிதச் சுருள் கட்டி, பியர் தெளித்து, பூமித்தாய்க்கும் கொஞ்சம் ஊற்றுவோம். அக்காவுக்கு அன்றைக்கு வண்டியைத் தெருவில் நிறுத்திவிட வேண்டும் என்று பிடிவாதம். "ஓட்டையோட நிக்க வேணாம்" என்று சொல்லி, அந்தச் சட்டத்தின் மேல் மெல்லிய தகரத்தை வைத்து, பட்டி பூசி, தேய்த்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார்.

"அக்கா, இது பாக்குறதுக்குத்தான். ஓட்டுறதுக்கு இல்ல" என்றேன்.

"எனக்கே பாடம் சொல்றியா? தகடு வந்ததும் பிரிச்சு எடுக்கப் போறோம். இருபதடி தள்ளி நிறுத்தப் போறேன், அவ்வளவுதான்."

அன்றைக்கு நல்ல வெயில். கருநீல ஜீப் தெருவில் நின்றபோது, அக்காவைப் பிடிக்காதவர்கள் கூட வந்து பார்த்தார்கள். புதுக்கண்ணாடியில் முகம் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு பியர் பாட்டிலோடு வந்து, "சக்கரத்துல ஊத்தவா?" என்று கேட்டாள். "ஊத்து" என்றார் அக்கா. நாலு சக்கரத்துக்கும் ஊற்றினார்கள். காகிதப் பொடியை அக்காவின் தொப்பியின் மேலும் தூவினார்கள்.

அப்போது ருஃபீனோ வந்தான். கூட இரண்டு ஓட்டுநர்கள், பக்கத்தில் சுல்மா. அவள் கழுத்தில் மஞ்சள் காகிதச் சுருள். வண்டியைப் பார்த்ததும் சிரித்தாள்.

ருஃபீனோ வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். சட்டைப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்து விரித்தான்.

"நல்லாத்தான் பாத்திருக்க. தேங்க்ஸ். சாவி குடு."

தூரத்தில் பேண்டு வாத்தியம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீதான் இத விட்டுட்டுப் போன" என்றார் அக்கா.

"விட்டுட்டுப் போனேன். வித்துட்டுப் போகலையே. யார் பேரு இருக்கு, படி. ஓ, உனக்குக் கையெழுத்து மட்டுந்தான் வரும்ல."

ஓட்டுநர்கள் சிரித்தார்கள். சுல்மாவும் சிரித்தாள். "அக்கா, கவலப்படாதீங்க. உங்க சீட்டுல நான்தான உக்காரப் போறேன், பத்திரமா பாத்துக்குறேன்" என்றாள்.

அக்கா அவளை ஒருதரம் பார்த்தார். பிறகு ருஃபீனோவிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னார்: "எடுத்துக்க. ஆனா வலது பின்சட்டம் இன்னும் முடியல. உள்ள உளுத்திருக்கு. பாரம் ஏத்தாத."

ருஃபீனோ குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டு, விரல்முட்டியால் தட்டினான். பெயிண்டின் மேல் தடவினான். "கல்லு மாதிரி இருக்கு. இப்படிச் சொன்னா பயந்து விட்டுட்டுப் போயிடுவேன்னு பாக்குறியா?" என்றவன் என் பக்கம் திரும்பினான். "டேய் அப்தோன், நீதான பத்தவச்ச? இவ சொல்றது நெசமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவின் வலது கை ஏப்ரன் பைக்குள் இருந்தது. ஸ்குரூடிரைவர் அங்கேதான் இருந்தது. எடுத்து ஒரு குத்து குத்தியிருந்தால் போதும். பட்டி உடைந்து, துரு தெருவில் கொட்டியிருக்கும். ருஃபீனோ திட்டிக்கொண்டே போயிருப்பான். அவர் குத்தவில்லை. கையை வெளியே எடுத்தபோது அதில் சாவிதான் இருந்தது.

"அவங்க பாத்த வண்டி. அவங்ககிட்ட கேளு" என்றேன் நான்.

ருஃபீனோ சாவியை வாங்கி, ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டே போனான்.

நான் ஏன் சொல்லவில்லை என்று பலதடவை யோசித்திருக்கிறேன். பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். அது இல்லை. வண்டி நடுவழியில் உட்கார்ந்து, அவன் தலையில் கைவைத்து நிற்கிற காட்சியைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அதற்குமேல் நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அதன்பிறகு இருபத்திரண்டு நாள் வண்டி ஓடியது. ருஃபீனோ வேண்டுமென்றே எங்கள் தெரு வழியாகத்தான் வண்டியை ஓட்டிப் போவான். தினமும் நான் அந்த வலது பின்சக்கரத்தைப் பார்ப்பேன். ஒன்பதாம் நாள் மறியல் முடிந்து ஒரூரோவிலிருந்து தகடு வந்தது. அக்காவிடம் போய்ச் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"செவுத்துல சாச்சு வை."

"அக்கா, அவன்கிட்ட ஒருதரம் சொல்லிடலாமா? நானே போய்ச் சொல்றேன்."

"சொல்லியாச்சே. பத்துப் பேர் கேட்டாங்க."

"இல்லக்கா, காட்டிடலாம்."

அவர் அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்த்தார். நானும் போகவில்லை.

மார்ச் மாதம் தெற்கே ஏரிப்பக்கத்து விடுதி ஒன்றுக்குச் சாமான் ஏற்றிப் போனான். கூரைமேல் நாலு டீசல் டிரம், உள்ளே கேஸ் சிலிண்டர், மாவு மூட்டை. பயணிகள் யாரும் இல்லை. அது ஒன்றுதான் நல்லகாலம். முன்சீட்டில் சுல்மா. ஒரு இறக்கத்தில், சாலை பல்பல்லாக அரித்திருந்த இடத்தில், வலது பின்சட்டம் முறிந்து, ஸ்பிரிங் வண்டியின் தரைப்பலகையைக் குத்திக்கொண்டு மேலே வந்தது. வண்டி பக்கவாட்டில் திரும்பி இரண்டு தரம் உருண்டது. ருஃபீனோ கண்ணாடி வழியாக வெளியே விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. சுல்மாவின் வலது கால் கதவுத் தூணுக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அந்தக் கதவுத் தூணுக்கு நான்தான் புதுத்தகடு வைத்திருந்தேன். உறுதியாக வைத்திருந்தேன். அது வளையவே இல்லை.

வேறு ஜீப் அந்த வழியாக வர ஐந்து மணி நேரம் ஆயிற்று. பொத்தோசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

போலீஸ்காரர் விசாரணைக்கு வந்தார். பொண்டாட்டி வேண்டுமென்றே வண்டியைக் கெடுத்து வைத்தாள் என்று ருஃபீனோ எழுதிக் கொடுத்திருந்தான். தெருவே வந்து சாட்சி சொன்னது. பக்கத்து வீட்டுக்காரிதான் முதல் ஆள். "பாரம் ஏத்தாதன்னு அவ வாயாலயே சொன்னா சார். நாங்க எல்லாரும் கேட்டோம். அவன்தான் தட்டிப் பாத்துட்டு, கல்லு மாதிரி இருக்குன்னான்." அவனுடன் வந்த ஓட்டுநர்களும் அதையே சொன்னார்கள். போலீஸ்காரர் நோட்டை மூடிவிட்டார். ருஃபீனோ தெருவில் நடந்தால், யாராவது ஒருவன் விரல்முட்டியால் சுவரைத் தட்டி, "கல்லு மாதிரி இருக்குப்பா" என்பான். நாலு மாதம் பொறுத்துப் பார்த்தான். பிறகு எல்லை தாண்டிப் போய்விட்டான். சுல்மாவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒற்றைக்காலோடு அவள் எப்படிச் சமைப்பாள், ஜீப்பில் எப்படி ஏறுவாள் என்று நண்பர்களிடம் கேட்டானாம், நியாயம் கேட்கிற மாதிரி.

ஒரு காலை நான் அக்காவின் கடையில் ஆப்பி குடித்துக்கொண்டிருந்தேன். சுல்மா கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்தாள். கடையில் இருந்த மற்றவர்கள் எழுந்து நகர்ந்துவிட்டார்கள். நான் எழுந்திருக்க நினைத்தேன், அதற்குள் அவள் எனக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னிக்குச் சொன்னீங்க. நான் போலீஸ்ல கூட அதத்தான் சொன்னேன். ஆனா சொன்னீங்களே தவிர, காட்டல."

"ஆமா. காட்டல."

"காட்டியிருக்கலாம்ல?"

"காட்டியிருக்கலாம். ஸ்குரூடிரைவர் கையிலதான் இருந்துச்சு."

அக்கா பானையைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"நான் சிரிச்சதுக்கா?"

"அதுவும்."

"சிரிச்சதுக்குக் காலா அக்கா?"

"காலுன்னு நெனைக்கல" என்றார் அக்கா. "அவன் கழுத்துன்னு நெனச்சேன். நீ பக்கத்துல இருப்பேன்னும் தெரியும். தெரியாதுன்னு சொல்ல மாட்டேன்."

நான் இதுவரை கேட்ட பேச்சுகளிலேயே இதுதான் கொடுமையான பேச்சு. ஆனால் அக்கா குரலை உயர்த்தவில்லை. ஒரு டம்ளரில் ஆப்பியை ஊற்றி, சுல்மாவின் முன்னால் வைத்தார். சுல்மா அதைப் பார்த்தாள். எடுத்துக் குடித்தாள். பாதி குடித்துவிட்டு, "ஏழு வருஷத்துல உங்க கையால திட்டு இல்லாம ஒண்ணு குடிச்சது இப்பத்தான்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் அங்கதான நின்னீங்க அண்ணே?"

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவங்களாவது வாயத் தொறந்து சொல்லிட்டாங்க" என்றாள். கட்டைகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழுவதற்கு அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. நானும் உதவவில்லை, அக்காவும் உதவவில்லை. உதவியிருந்தால் அவள் கட்டையாலேயே அடித்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அந்த மாதமே துபீஸாவில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே தையல் மெஷின் வைத்திருக்கிறாள் என்று கேள்வி.

நொறுங்கிய வண்டியை யாரும் கேட்டு வரவில்லை. ருஃபீனோ காலாமாவிலிருந்து பத்திரத்தை அக்கா பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டு, பஸ் ஓட்டுநர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அக்கா மறுபடி முற்றத்துக்கு இழுத்துவந்தார். இந்தத் தடவை எட்டு மாதத்தில் முடித்தார். சட்டத்தைப் பற்றவைக்கும்போது நாங்கள் இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. சுல்மா உட்கார்ந்திருந்த முன்சீட்டை வெட்டி எடுத்துவிட்டு, அங்கே மூட்டை வைக்கப் பலகை போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் அவர் வீட்டில் மத்தியானம் சாப்பிடுவதில்லை. அவரும் கூப்பிடவில்லை.

பாரவண்டி ஓட்டுநர் சங்கத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை. அவர் முதலில் கேட்டபோது, அடுப்பைச் சேர்த்துக்கொள்ள நாங்கள் என்ன ஓட்டலா நடத்துகிறோம் என்று சிரித்து அனுப்பியவர்கள்தான். இந்தத் தடவை போய் நின்றபோது யாரும் சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லி, அன்றைக்கே உறுப்பினர் அட்டை கொடுத்தார்கள். பயந்துதான் கொடுத்தார்கள். அது அவருக்கும் தெரியும், வாங்கிக்கொண்டார்.

இப்போது ஒன்பது வருடமாகிறது. கிராமங்களிலிருந்து கீன்வா ஏற்றி வருகிறார். பாரம் ஏற்றும் வரிசையில் அவர் இடத்தை யாரும் தாண்டிப் போவதில்லை. போன மாதம் வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஓட்டுநர் ஒருவன், "என்ன கிழவி, வீட்டுல ஆம்பள இல்லையா?" என்று கேட்டுவிட்டான். பக்கத்தில் நின்ற ஒருவன் அவன் தோளைப் பிடித்து அந்தப்பக்கம் கூட்டிப்போய்க் காதில் ஏதோ சொன்னான். புதியவன் திரும்பிப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. தன் வண்டியைப் பின்னால் எடுத்து அவருக்கு வழிவிட்டான்.

அக்கா அதை எல்லாம் கவனித்தார். மடியில் இருந்த உப்புக்கண்டத்தைப் பிய்த்துத் தின்று முடித்தார். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு முன்னால் போனார்.